மணமில்லாத வாயு

சிங்கப்பெருமாள் கோயில் ஏகாம்பரம் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறார். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் தொட்டிக்கு நைட்ரஜனைத் திறந்துவிட்டவர் அவர்தான். உள்ளே இருந்த அவருடைய கூட்டாளி கஜபதி, மூச்சுக்குக் காற்றில்லாமல் செத்து, தூங்குகிறவரைப் போலச் சாய்ந்து கிடந்தார்.

போன சனிக்கிழமை மதியம் கேளம்பாக்கத்தில் ஒரு நான்காவது மாடி வீட்டுக்கு நைட்ரஜன் கொண்டுபோனார். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஸ்ரீதேவி, வீட்டிலேயே கறுப்பு பீர் காய்ச்சுகிறவள். அழுத்தமானியின் முள் முப்பதில் நின்றால்தான் நுரை ஏடு மாதிரி வரும் என்றாள். ஏகாம்பரம் பீப்பாயோடு இணைத்து, அழுத்தம் வைத்து, சிலிண்டரை மூடினார். முள் மெல்ல இறங்கியது.

"எங்கியோ கசியுது. ஜன்னல தொறம்மா."

"ஏசி ஓடுதே அண்ணா. வாசனை எதுவும் வரலையே."

"வராதும்மா. அதான் பேஜாரு."

சோப்பு நீர் தடவி, கசிந்த இணைப்பை இறுக்கினார். கஜபதியைப் பற்றிச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பால்கனிக்கு மாற்றினாள். முள் முப்பதில் நின்றது. நுரை கெட்டியாக வந்தது.

கீழே வந்தவருக்கு வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். துணி உலர்த்த அவள் பால்கனிக்கு வந்த பிறகுதான் புறப்பட்டார். மாம்பாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி அவளுக்குப் போன் செய்தார். "ஜன்னல தொறந்துதான் வெச்சிருக்கியாம்மா?"