மூன்று பாதைக்கு ஒரு சைக்கிள்

சித்தி யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குழாயைத் திறந்துவிடுவாள். கை கழுவத்தான் போகிறாள் என்று நினைத்துச் சோப்பை நீட்டுவார்கள். அவள் கழுவ மாட்டாள். கட்டைவிரலைத் தண்ணீருக்கு நேரே பிடித்து, அது விரலை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்ப்பாள். நன்றாகத் தள்ளினால் முகம் மலரும். நூல் மாதிரி ஒழுகினால் அந்த வீட்டுக்காரர்கள்மேல் ஒரு இரக்கம் வந்துவிடும். "பாவம், எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வந்தபோது அறையைப் பார்க்கவில்லை, வார்டனைப் பார்க்கவில்லை, நேரே குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்து அம்மாவிடம், "படிக்கட்டும்க்கா. பிரஷர் நல்லா இருக்கு" என்றாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி வீட்டில் நடந்த ஆலோசனை அவ்வளவுதான்.

சித்தி குடிநீர் வாரியத்தில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பவள். தெருக் குழாய்களில் கண்ணாடிக் குப்பிகளை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, நண்பகலுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தண்ணீரை ஏற்றுவதோ இறக்குவதோ அவள் கையில் இல்லை. அது தெருவுக்குத் தெரியுமா? வாரியத்து நீலச் சட்டையைக் கண்டதும் ஜன்னல்கள் திறக்கும்.

"ஏம்மா, மூணாவது மாடிக்கு ஏறவே மாட்டேங்குது, நீ பாட்டுக்குக் குப்பியத் தூக்கிட்டுப் போற?"

"சொல்றேம்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் சொன்னேம்மா. அவங்க கேக்கணும்ல?"

இப்படித் தெருத்தெருவாக வசவு வாங்கி வாங்கி, பிரஷர் குறைவு என்றாலே ஏதோ தன் குடும்பத்துக்கு வந்த கெட்ட பெயர் என்று அவள் நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

போன வருடம் மலை ஊற்றில் மாதிரி எடுத்தவர் ஓய்வு பெற்றார். தெரு, கால்வாய்க்கரை, மலை என்று தனித்தனியாக இருந்த மூன்று தடங்களையும் ஒன்றாக்கிவிடலாம் என்று அதிகாரி முடிவு செய்தார். மலையடியில் ஒரு இரும்புக் கேட் உண்டு. அதற்கு மேல் இன்ஜின் வண்டி போகக்கூடாது. ஒரு சொட்டு ஆயில் ஊற்றில் கலந்தாலும் ஊருக்கே கேடு. ஆகவே இரண்டே வழிதான். ஒருத்தர் சைக்கிளில் தினமும் மூன்று தடத்தையும் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜீப்பில் இரண்டு பேர் வாரம் ஒருமுறை போய், கேட்டிலிருந்து நடந்து ஏறுவார்கள். சித்தி கையைத் தூக்கினாள். அதிகாரி ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சைக்கிளை அலுவலகம் வாங்கித்தரும், ஆனால் ஒன்றுதான். எது என்று மாதக் கடைசிக்குள் சித்தி சொல்ல வேண்டும். சரிப்படவில்லையென்றால் மூன்று தடமும் ஜீப்காரர்களுக்கு. சித்திக்குக் குப்பி கழுவும் அறை.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் உண்டு, ஆனால் அது அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கும்.

"மலையில அப்படி என்னதான் இருக்கு?" என்று சித்தப்பா கேட்டார். அவர் பேருந்து இருக்கைகளுக்கு மெத்தை தைப்பவர். எந்நேரமும் சட்டையில் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும்.

"அங்க யாரும் இல்ல."

"அதத்தான் கேக்கறேன்."

"நானும் அதத்தான் சொல்றேன். குப்பியப் பிடிக்கறேன், மூடறேன், வர்றேன். ஏம்மான்னு ஒருத்தர் கேக்க மாட்டாங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "பாத்தியா? நான் இத்தன வருஷமா ஏம்மான்னு கேட்டதே இல்ல. அந்தப் புண்ணியமெல்லாம் மலைக்குப் போகுது."

வேலை தேடிக்கொண்டு நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. சித்தி என்னைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவாள், கிண்டலும் பெருமையும் சரிபாதியாக. சைக்கிள்களைப் பற்றி இணையத்தில் படித்துச் சொல்வது என் பொறுப்பானது. தார்ச்சாலைக்கு மெல்லிய டயர் வேகம்; ஜல்லிக்கு அகலம் வேண்டும்; காட்டுப் பாதைக்கு இன்னும் அகலமும் பல்லும் வேண்டும். இரண்டுங்கெட்டானாக ஒரு வகை உண்டு. கைப்பிடி பந்தய சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் அகலமாக இருக்கும், மூன்றிலும் ஒப்பேற்றும். அகல டயரில் காற்று கொஞ்சம் குறைவாக வைக்கலாம் என்றும் போட்டிருந்தது. அதையும் சொன்னேன்.

"காத்து குறைவா? எழுதினவன் வீட்டுல தண்ணி வராதுபோல" என்றாள் சித்தி. அதற்கு மேல் நான் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும், நானும் படித்ததைத்தானே சொல்கிறேன் என்று தோன்றியது.

கடைத்தெரு முனையில் இருந்த சைக்கிள் கடைக்காரர் பேச்சில் கெட்டி. வாரியத்து ஆர்டர் என்றதும் ஒவ்வொரு சைக்கிளாக ஓட்டிப்பார்க்கத் தரச் சம்மதித்தார். ஆனால் முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார். "அக்கா, ரோட்டுக்கு ஒண்ணு, காட்டுக்கு ஒண்ணு வாங்குங்க. மூணுக்கும் ஒண்ணுன்னா மூணுக்கும் அரைகுறை."

அந்த வாரம்தான் ஒரு நேர்காணலில் எதில் ஆர்வம் என்று கேட்டதற்கு நான் நாலைந்தைச் சொல்லி, அவர்கள் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கடைக்காரர் சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் மெல்லிய டயர் சைக்கிள். தெருவில் பறந்தது. "ஏம்மா" என்று ஜன்னல் திறப்பதற்குள் சித்தி அடுத்த தெருவில் இருந்தாள். கால்வாய்க்கரை ஜல்லியில் ஏறியதும் குப்பிகள் கொட்டுமேளம் கொட்டின. மலைப்பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்தது முன்னால் ஸ்பிரிங் வைத்த தடியன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்ன வண்டி அதுதான். காட்டில் யானை மாதிரி ஏறியது. தெருவிலும் யானை மாதிரியே நடந்தது. நண்பகல் தாண்டி ஆய்வகத்துக்குப் போனாள். அன்றைய மாதிரிகளைக் கீழே ஊற்றிவிட்டார்கள்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, வளைந்த கைப்பிடியும் அகல டயருமாக இருந்த அந்த இரண்டுங்கெட்டானை எடுத்தோம். "காத்து நானே பாத்து வச்சிருக்கேன். கை வச்சிடாதீங்கக்கா" என்று கடைக்காரர் சொன்னார். சித்தி தலையாட்டினாள். தெருமுனை திரும்பியதும் இறங்கி, டயரை அமுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பிடிடீ வண்டிய."

"அவர் வேண்டாம்னாரே சித்தி."

"அவர் சோம்பேறி. பாதி பம்ப் அடிச்சுட்டுப் பாத்து வச்சேங்கறார்." டயர் கல்லாகும்வரை அடித்தாள். எந்த சைக்கிளுக்கும் அவள் அப்படித்தான் அடித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வண்டியும் ஜல்லியில் குதித்தது. மலைப்பாதை ஏற்றத்தில் பின்சக்கரம் உருளைக்கற்கள்மேல் சும்மா சுற்றியது. ஒரு வளைவில் சித்தி சரிந்தாள். முழங்கை சிராய்ந்தது, ஊற்றுத் தண்ணீர் குப்பி உடைந்தது.

மாலை கடைக்கு நான்தான் கூடப் போனேன். நல்ல கூட்டம். அப்பாக்கள், பள்ளிப் பிள்ளைகள், டியூப் மாற்ற வந்தவர்கள். சித்தி நடுவில் வண்டியை நிறுத்தினாள்.

"உங்க கடையில இருக்கறதெல்லாம் சைக்கிளா, இல்ல பல்லைக் கழட்டற மிஷினா?"

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? முழங்கையப் பாருங்க. விக்கறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது ஓட்டிப் பாத்திருக்கீங்களா? நம்பி வர்றவங்க தலையில இப்படியா கட்டறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். புது சைக்கிள் விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாக வெளியே நடந்தார். கடைக்காரர் போகிறவரையும் பார்த்தார், சித்தியையும் பார்த்தார். "காத்துல கை வச்சீங்களா?" என்று கேட்டார்.

"எனக்குக் காத்தையும் தண்ணியையும் பத்திச் சொல்லாதீங்க. அதுதான் என் சோறு."

"மாசக் கடைசி வரைக்கும் வச்சிருங்க. அப்புறம் திருப்பிடுங்க" என்றார் கடைக்காரர்.

மாதக் கடைசி நாள். காலையில் சித்தி சாப்பிடாமல் கிளம்பினாள். பம்பை எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கப்போகிற வண்டிக்கு எதற்கு உபசாரம் என்று கோபம். தெருவை முடித்தாள், கால்வாய்க்கரையில் பாதியை முடித்தாள். அங்கே எங்கோ ஒரு முள் பின்சக்கரத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்து நின்றிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சித்தி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாள். "திடீர்னு சத்தமே இல்லடீ." கேட் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது குப்பிகள் பேச்சை நிறுத்திவிட்டன. பெட்டி எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தாள். பெட்டி இருந்தது. திறந்து பார்த்தாள், குப்பிகள் இருந்தன. மறுபடி ஏறினாள். உருளைக்கற்களில் பின்சக்கரம் சுற்றவில்லை. பிடித்துப் பிடித்து ஏறியது. சரிந்து விழுந்த வளைவு வந்ததே தெரியாமல் கடந்துபோயிற்று. ஊற்றில் குப்பியை நிரப்பினாள், மூடினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, காலையில் விட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் டப்பாவைச் சித்தப்பா பையில் வைத்துவிட்டிருந்தார்.

ஆய்வகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். வண்டியைச் சுவரில் சாய்க்கும்போதுதான் பின்டயரில் கை பட்டது. விரல் உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். "வண்டி நல்லா ஓடுச்சு" என்றாள், ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோல.

"நல்லதுதானே?" என்றார் சித்தப்பா.

"காத்து இறங்கின வண்டிங்க. பிரஷரே இல்ல. அதான் நல்லா ஓடுச்சு."

சித்தப்பா தைத்துக்கொண்டிருந்த மெத்தையைக் கீழே வைத்தார். அவர் சிரித்த சிரிப்பில் பஞ்சு பறந்தது. "மெத்துனு இருந்தாத்தான் குலுங்காதுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். ஊருக்கே சீட்டு தைக்கறேன், என் பொண்டாட்டி பாறாங்கல்லுமேல போறா."

"சிரிங்க, சிரிங்க. பட்டதாரி, நீகூடச் சொன்னல்ல? ஏன்டீ ஒரு தடவையோட விட்ட?"

"நீதானே எழுதினவன் வீட்டுல தண்ணி வராதுன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ ரெண்டாவது தடவை சொல்லணும்."

இதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நேர்காணல்களில்கூட இப்போது இரண்டாவது தடவை சொல்கிறேன்.

முள்ளைப் பிடுங்கி, பஞ்சர் ஒட்டி, காற்றடித்தோம். பிறகு கொஞ்சம் இறக்க வேண்டும். வால்வை அழுத்தச் சித்திக்கு மனம் வரவில்லை. "நீங்களே பண்ணுங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்த உஸ்ஸென்ற சத்தம் கேட்காதபடி சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். நான் படித்த அளவும் சித்தப்பாவின் மெத்தைக் கணக்கும் கொஞ்சம் சண்டைபோட்டு, ஒரு நடுவில் வந்து நின்றன. தார்ச்சாலையில் ரொம்ப இழுக்காது, ஜல்லியில் குதிக்காது, மலையில் வழுக்காது. அதிகாரியிடம் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கி, இரண்டு நாளும் நண்பகலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். தடம் அவளுக்கே என்று எழுதிவிட்டார்கள். குப்பி கழுவும் அறைக்கு வேறு ஆள் போட்டார்கள். சைக்கிளுக்கான ஆர்டரை அலுவலகத்திலிருந்து நேரே கடைக்கு அனுப்பிவிட்டதால், சித்தி அந்தப் படியை மிதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. "ஏம்மா" என்று ஜன்னல் திறந்தால் நின்று பதில் சொல்கிறாள். மலை இருக்கிறது என்ற தெம்பு.

ஆனால் கடைத்தெரு முனை வரும்போது மட்டும் மிதி கொஞ்சம் வேகமாகும். கடைக்காரர் வாசலில் நின்றால், "வண்டி எப்படி இருக்குக்கா?" என்று கேட்பார். குரலில் குத்தல் இல்லை. "ம், இருக்கு" என்பாள், நிற்காமல்.

"ஒரு வார்த்தை சொல்லிடேன் சித்தி. தப்பு வண்டி மேல இல்ல, என் மேலதான்னு" என்றேன், இரண்டாவது தடவையாக.

"சொல்லணும்டீ. சொல்லாம விடுவேனா? அன்னிக்கு நாலு பேர் முன்னாடி வாய விட்டேன். தனியாக் கூப்பிட்டுக் காதுல சொன்னா அது நியாயமா? கடையில கூட்டம் இருக்கும்போதுதான் சொல்லணும். இப்பல்லாம் கடையில ஆளே இல்ல."

நேற்று மாலை நாங்கள் இருவரும் அந்த வழியாக வந்தோம். நான் பின்னால் நடந்தேன், அவள் சைக்கிளில் மெதுவாக. கடைக்குள் நிற்க இடமில்லாமல் ஆட்கள் வாசல்வரை இருந்தார்கள். சித்தியும் பார்த்தாள். பிரேக்கை லேசாகப் பிடித்தாள், ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

"பாவம், வியாபார நேரம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.