பிரசல்ஸ் பாணியில் ஒரு மதியச் சாப்பாடு

இந்த நாட்டில் காலைச் செய்தி வெண்ணெயில் தொடங்குகிறது. நம்மூரில் வானொலியைத் திருகினால் எங்கே குண்டு, எங்கே ஊரடங்கு என்று தெரியவரும். ஒக்லண்டிலோ, ஐரோப்பிய அமைச்சர்கள் பிரசல்ஸில் கூடி நியூசிலாந்து வெண்ணெயை இங்கிலாந்துக்குள் இன்னும் எவ்வளவு காலம் விடுவார்கள் என்பதைச் சாவுச் செய்தி போல வாசிக்கிறார்கள். ஏவன்டேலில் எனக்கு வீட்டை வாடகைக்குத் தந்தவர் பிறந்ததிலிருந்து ஒரு மாட்டைத் தொட்டவரில்லை. அவரும் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்.

எனக்கு இந்தப் பிரசல்ஸ் பைத்தியம் பல்கலைக்கழகத்தில் பிடித்தது. அரசியல் வகுப்பில் ஒரு ஜெர்மன் மாநிலத்தின் கதையைச் சொன்னார்கள். அதன் வயலுக்கும் ஆலைக்கும் சட்டம் பிரசல்ஸில் எழுதப்படுகிறது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நாற்காலி மத்திய அரசுக்கு மட்டும்தான். மாநிலம் என்ன செய்தது? அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. தூதரகம் என்று சொன்னால் மத்திய அரசு முறைக்கும், ஆகவே வாசலில் 'தகவல் அலுவலகம்' என்று பலகை. உள்ளே பியரும் இறைச்சியும். சட்டத்தின் வரைவை எழுதுகிறவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, வரைவு சட்டமாகும் முன்னரே தன் குறையைக் காதில் போட்டுவிடுகிறது. நான் துள்ளிக் குதிக்காத குறை.

நாங்களும் முயலாமல் இல்லை. அப்பா உயிரோடு இருந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமசபை ஒன்று, ஒரு வீதியைத் திருத்த அனுமதி கேட்டுக் கொழும்புக்குக் கூடை கூடையாகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு தூது போனது. மாம்பழம் உள்ளே போனது. சபை வெளியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

இப்போது எனக்கு ஒரு வரைவுதான் பிரச்சினை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு என் தங்கை மட்டும் மெட்ராஸில், தெரிந்தவர்கள் வீட்டின் முன்னறையில் இருக்கிறாள். தாய் தகப்பன் இல்லை. இங்கே குடிவரவு விதிகளைத் திருத்துகிறார்கள். 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் சகோதரர்கள் வருவார்களா என்பது முடிவாகவில்லை. வராவிட்டால் அவள் எனக்கு யாரோ. விதியை எழுதும் குழுவில் இருந்த பிரையன் என்ற அதிகாரியைச் சாப்பாட்டுக்கு அழைப்போம் என்று நான்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சொன்னேன். தலைவர் கந்தையா அண்ணை மவுண்ட் ஆல்பர்ட்டில் தன் வீட்டையே தந்தார். அவர் மனைவி யோகம் அக்கா இரண்டு நாள் சமைத்தார்.

பிரையன் வந்தார், இருந்தார், சாப்பிட்டார். முன்பு வெண்ணெய்க்காகப் பிரசல்ஸ் போன குழுவில் இருந்தாராம். "அங்கே எல்லாம் மதியச் சாப்பாட்டில்தான் முடிவாகும்" என்று கோழிக்கறியோடு எனக்கே விளக்கினார். இதைவிட நல்ல வாசல் யாருக்குத் திறக்கும்? நான் வாயெடுத்தேன். கந்தையா அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"பொறு தம்பி. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுசனிட்டை உதவி கேக்கிறதே? சோறு போட்டுக் கேட்டதெண்டு நினைக்கப் போறான்."

"அதுக்குத்தானே அண்ணை சோறு போட்டனாங்கள்?"

"மெல்லக் கதை."

சோறு முடிந்து பாயசம் வந்தது. பாயசத்தின்போதும் கேட்கக் கூடாதாம். தேநீர் வந்தது. பிறகு பிரையன் மணிக்கூட்டைப் பார்த்தார். மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். அவர்கள் அப்படித்தான், பச்சையாகக் கேட்பார்கள்.

சங்கத்தின் தலைவர், தகவல் அலுவலகத்தின் அதிபர், எங்கள் அனைவரின் குரல், இரண்டு கைகளையும் விரித்துச் சொன்னார்: "ஒன்றுமில்லை, சும்மா ஒரு சாப்பாடு."

நான் காருக்குப் பின்னால் ஓடினேன். கண்ணாடியைத் தட்டித் தங்கையின் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். பிரையன் எஞ்சினை நிறுத்தினார்.

"வந்தவுடனேயே சொல்லியிருக்கலாமே? அவளுக்கு இங்கே யார்?"

"நான்."

"நீ இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவனா? போகிறவனுக்காக யாரும் விதி எழுத மாட்டார்கள்."

என் கடவுச்சீட்டில் வதிவிட முத்திரை இருக்கிறது. இருந்தும், 'நிலைமை சரிவந்ததும் திரும்பிப் போவோம்' என்று சொல்லித்தான் எங்கள் கூட்டங்கள் எல்லாம் முடியும். அதைச் சத்தமாகச் சொல்பவர்களில் நானும் ஒருவன். கந்தையா அண்ணை வாசல் கேற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன். பிறகு பிரையனுக்கு விளங்க ஆங்கிலத்திலும் சொன்னேன்.

வாக்குறுதி தர முடியாது, ஆனால் திங்கட்கிழமை கூட்டத்தில் உன் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரையன் போனார்.

"நீ இனி ஊருக்குப் போகமாட்டியோ?" கந்தையா அண்ணை கேட்டார்.

"தங்கச்சிக்காகச் சொன்னனான்."

"அது விளங்குது. போகமாட்டியோ எண்டுதான் கேட்டனான்."

நான் கேற்றைச் சாத்தினேன். உள்ளே போனோம். அந்த வீட்டில் நான் எப்போதும் குசினிக்குள் நின்று சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறவன். அன்று யோகம் அக்கா பிரையன் எழும்பிய கதிரையைக் காட்டினார். புதுத் தட்டு வைத்தார், கைதுடைக்கத் துணி வைத்தார். கந்தையா அண்ணை எதிரில் இருந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை.