அலசாத குப்பி

1975ஆம் வருடம், சித்திரை நாலாம் தேதி, வியாழக்கிழமை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எங்கள் தோட்டத்தை ஒட்டிய ஒரு கிணற்றடி. பள்ளிக்கூட நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு; அதனால் தேதியில் சந்தேகமில்லை. அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மாதிரி எடுத்தேன். வெயில் கடுமை." அந்த வரிக்குப் பின்னால் நடந்ததை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் கொச்சியில் கடலியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல பொறந்துட்டு கடலைப் படிக்கப் போறானாமா" என்று பொள்ளாச்சி பஸ்ஸில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. வேலை என்னவென்று கேட்டால் சொல்வதற்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கொச்சி முகத்துவாரத்தில் படகை நிறுத்தி, மணிக்கு ஒரு தரம் வெவ்வேறு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும். எண் எழுதிய கண்ணாடிக் குப்பிகளில் அதை அடைத்து வந்து, ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகிற இடத்தில் நிறுத்தி, உப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். என் ஆய்வேடு முழுக்க உப்புதான்.

பக்கத்துத் தோட்டக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். நெருங்கிய உறவில்லை, எங்கள் கூட்டத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. அவரும் அத்தையும் மட்டும். இரண்டு வருடம் தொடர்ந்து கடலைக்காய் கருகிப்போன பிறகு, கடைசி முயற்சியாகக் கிணற்றைப் பாறை வரைக்கும் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த வாரம் பாறை இடுக்கில் ஊற்று கசிய ஆரம்பித்திருந்தது. ஆனால் சுற்றியிருந்த நாலைந்து கிணறுகளில் ஆழம் போகப் போகச் சப்பைத் தண்ணீர்தான் வந்தது. பயிர் தாங்காத உப்பு. இங்கேயும் அதுவேதானா என்பது நாக்குக்குப் பிடிபடவில்லை; வெடிமருந்தும் பாறைத்தூளும் எல்லா ருசியையும் மறைத்துவிட்டன.

"நல்ல தண்ணின்னா இன்னும் ஆறடி வெட்டறேன். இல்லீன்னா தோட்டத்தக் குடுத்துட்டு மலைக்குப் போயர்றேன். நீ பாத்துச் சொல்லு மாப்ள. நீ படிச்ச படிப்பே அதுதானே?" என்றார் மாமா.

அத்தை வேறு யோசனை சொன்னார். "எதுக்கு கொச்சி வரைக்கும் தூக்கிட்டுப் போகோணும்? ரெண்டு நா ஊறுன தண்ணியில ஒருபிடி தொவரம்பருப்பப் போட்டு வேக வெச்சா தெரிஞ்சுபோகுமுங்க. நல்ல தண்ணியில வெண்ணையாட்ட வேகும்."

நான் சிரித்தேன். "அத்தை, அதெல்லாம் கணக்குல வராதுங்க" என்றேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் முதல் பாடம் இது: எந்தத் தண்ணீரைப் பிடிக்கப் போகிறோமோ அதே தண்ணீரால் குப்பியை மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். கடலில் அதற்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் அங்கே, விடிந்ததிலிருந்து ஊறி, ஆள் இறங்கிச் சிரட்டையால் வழித்து, வாளியில் மேலே வந்த தண்ணீர் ஒரு செம்புகூட இருக்காது. மாமாவும் அத்தையும் கிணறு வெட்டுகிறவர்கள் மூன்று பேரும் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை அவர்கள் கண்முன்னால் மண்ணில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது புரியும். குப்பி பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியே நிரப்பி மூடிவிட்டேன்.

கொச்சியில் இரண்டு முறை சோதித்தேன். இரண்டு முறையும் ஒரே அளவு, சொட்டு பிசகவில்லை. உப்பு அதிகம். அன்றே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். "இந்நீர் சாகுபடிக்கு உதவாது. மேற்கொண்டு வெட்டுவது வீண்." எழுதியபின் படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஜூன் கடைசியில், கொச்சியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், ஆய்வேட்டுக்காகக் களக்குறிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கொண்டுபோன குப்பியின் எண் 14 என்று சோதனைப் பதிவேட்டில் இருந்தது. களக்குறிப்பைப் புரட்டினால், ஊருக்குப் போவதற்கு முந்தின வாரத்தில் 14ஆம் எண் குப்பி முகத்துவாரத்தில், அடியாழத்துக் கடல்நீரால் நிரப்பப்பட்டிருந்தது. சோதனை முடிந்து கொட்டிவிட்டேன் சரி; கழுவியதற்கான குறி எதிரே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறதென்று அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போயிருக்கிறேன். அடியில் காய்ந்திருந்த கடல் உப்பைத்தான் மாமா கிணற்றின் உப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாளே ஊருக்குப் போனேன். அங்கே வானம் வெளிறிக் கிடந்தது. ஒரு தூறல்கூட விழுந்திருக்கவில்லை. மாமா என் கார்டு வந்த இரண்டாம் வாரமே தோட்டத்தை விற்றுவிட்டு, அத்தையின் தம்பி வேலை பார்க்கும் சூரியநெல்லிக்குப் போய்விட்டார் என்றார் அப்பா. வாங்கியவருக்கு என் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு ஆறடி வெட்டியிருக்கிறார். கிணற்றில் ஆளுயரத்துக்குத் தண்ணீர். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர். முறைப்படி அலசி ஒரு குப்பியும் எடுத்துப்போய்ச் சோதித்தேன், குடிக்கவே தகுந்தது.

அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆடி பிறந்த வாரம் உடுமலைப்பேட்டை போய், மறையூர் வழியாக மூணாறு பஸ் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். சாரலும் மூடுபனியுமாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை மாமாவுக்கு. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வெளியே வந்தார். தோட்டக்காரராக வெள்ளை வேட்டியில் பார்த்திருந்த மனிதர், காக்கி அரைக்கால் சட்டையும் முகமெல்லாம் கரியுமாக நின்றார்.

விறகு அடுக்கிவைத்த கொட்டகையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, எண், அலசாதது, காய்ந்த உப்பு. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் சரிந்திருந்த ஒரு விறகுக்கட்டையை நேராக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இப்பத் தண்ணி எவ்வளவு நிக்குது?"

"ஆளுயரத்துக்கு மேலங்க மாமா."

"ருசி?"

"நல்ல தண்ணிங்க."

துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியதுதான் மிச்சம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத உங்க அத்தைகிட்டச் சொல்லிராத. சாமி மேல சத்தியம் பண்ணு. சப்பைத் தண்ணின்னு நெனச்சுத்தான் அவ இங்க ஒருமாதிரி மனசத் தேத்திட்டு இருக்கறா. தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றார்.

சத்தியம் செய்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு அழைத்துப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி. ஒரே அறை. அத்தைக்கு என்னைப் பார்த்ததில் கையும் காலும் ஓடவில்லை. அடுத்த வீட்டுப் பெண், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ஊர்க்காரவுகளா? மொகத்துல வெளிச்சம் தெரியுதே!" என்றாள். "எங்க ஊரு மாப்ள. கடலுக்குப் படிக்கறாரு" என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

சோறு போட்டுக்கொண்டே, "நீ பாத்துச் சொன்னதுனால பொளச்சோம் கண்ணு. இல்லீன்னா இவரு அந்தச் சப்பைத் தண்ணிக்கே பாறைய ஒடச்சு ஒடச்சு உசுர உட்டிருப்பாரு. நீ நெம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும்" என்றார்.

மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி போட்டார்; அதையும் சாப்பிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. மாதிரி எடுக்கும் முறையை விளக்கச் சொன்னார்கள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அளவுகள் நம்பகமானவை என்று பாராட்டிப் பட்டம் கொடுத்தார்கள். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதே என் பிழைப்பாயிற்று.

மாமா மலையிலேயே, ஐந்தாறு வருடத்தில் நெஞ்சுச் சளியால் இறந்துபோனார். அத்தை அதன்பின் தம்பி வீட்டில் நெடுநாள் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் யாராவது புதிய ஆளைக் கூப்பிட்டு, எங்களைக் காப்பாற்றிய பிள்ளை என்று காட்டுவார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. போன மார்கழியில் அவரும் போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

செய்த தவறை ஒப்புக்கொண்டால் மனச்சுமை இறங்கும் என்று நினைத்துத்தான் அன்று மலையேறினேன்; ஆனால் அதுவரை தன் கிணறு கெட்ட கிணறு என்று நம்பி விறகு தள்ளிக்கொண்டிருந்த மனிதர், என் பேச்சைக் கேட்ட பிறகு அது நல்ல கிணறு என்று தெரிந்தே, மனைவிக்கும் சொல்ல முடியாமல், சாகிறவரை விறகு தள்ளினார் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.