சட்டைப் பொத்தானில் அளந்தவர்

தாபோடி என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த அந்த ஒல்லி மனிதர், மகளின் விலை உயர்ந்த வளர்ச்சி ஊசிக்குத் தொழிலாளர் காப்பீட்டில் அனுமதி வாங்க உதவி கேட்டு வந்தார். நான் அந்தக் காப்பீட்டின் மருத்துவ அனுமதிப் பிரிவில் ஓய்வு பெற்றவன். எந்தத் தாள் எந்த மேசையில் தூங்கும் என்பதுவரை தெரியும். அவளுக்கு டர்னர் சிண்ட்ரோம்; பெண்களை உயரம் குறைவாக்கி, சிலருக்கு இதயத்தையும் பாதிக்கும் பிறவிக் கோளாறு. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கவும் டாக்டர் எழுதியிருந்தார்.

"அதுல ஏதாவது வந்தா ஃபைல் நின்னுடும். முதல்ல ஊசி, எக்கோ அப்புறம்," என்றேன்.

அனுமதி கிடைத்தது. மாதாமாதம் வந்து, தன் சட்டையைத் தொட்டு மகளின் உயரத்தைக் காட்டுவார்.

"மூணாவது பட்டனைத் தாண்டிட்டா சார்! இனிமே ஸ்கூல்ல எவனும் சோட்டி, குள்ளச்சின்னு கூப்பிட மாட்டான்."

எக்கோவை இருவரும் மறந்தோம்.

இரண்டாம் ஆண்டில் அவள் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்து இறந்துபோனாள். அது முன்பே வீங்கியிருக்கும், ஊசியைக் குறை சொல்ல முடியாது, முதலிலேயே எக்கோவில் பார்த்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார் டாக்டர்.

காரியம் முடிந்ததும் அவர் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லன்னா குட்டிப் பொண்ணாவே போயிருப்பா சார்."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரிந்தும் என்னை விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.