கொடுத்த தண்ணீரும் குடித்த தண்ணீரும்

முதலில் என் கண்ணில் பட்டது நிறம். யூரின் கேனில் விழுந்த கொஞ்ச நீரும் பால் விடாத வரக்காப்பி போல் இருந்தது. மகள் பார்ப்பதற்குள் போர்வையை இழுத்து மறைத்தேன்.

பிள்ளைகளே, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துணையாக ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஊர் செம்பட்டிக்குப் பக்கம். வேலை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். ஒருநாள் லாரியில் அடுக்கிய வெங்காய மூட்டை சரிந்து என் தொடை எலும்பு முறிந்தது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். காலை அசைக்கக் கூடாது, மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார்கள்.

மனைவிக்கு நூல் மில்லில் வேலை. லீவு இல்லை. மகன் சின்னப் பையன். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மகள் கௌசல்யா. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்த சமயத்தில் சிறுநீர் போகக் குழாய் போட்டிருந்தார்கள். அதனால் பிரச்சினை இல்லை. குழாயை எடுத்த பிறகுதான் என் சோதனை தொடங்கியது. கேனை மகள்தான் எடுத்துத் தர வேண்டும். அவளே அளவு பார்த்து, வார்டின் கடைசியில் இருக்கும் கக்கூஸ்வரை கொண்டுபோய்க் கொட்டி, கழுவி எடுத்து வர வேண்டும்.

எங்கள் பக்கம் மகள் வயதுக்கு வந்துவிட்டால் தகப்பன் அவள் தலையைத் தொட்டுப் பேசுவதுகூடக் குறைந்துவிடும். அந்த மகள் என் மூத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஆம்பளைகள் வார்டில் கட்டில் கட்டிலாகக் கடந்து போனாள். துப்பட்டாவின் நுனியால் கேனை மூடிக்கொண்டு போனாள். அதை நான் மல்லாந்தபடி பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன். தண்ணீர் உள்ளே போனால்தானே வெளியே வரும்?

தாகத்தை அடக்குவது எனக்குப் பழக்கம். லோடு ஏற்றும்போது நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். வயிறு குலுங்கும், மூச்சு வாங்கும் என்பார்கள். வண்டி கிளம்பிய பிறகுதான் குடிப்போம். இதையும் ஒரு லோடு என்று நினைத்துக்கொண்டேன்.

கௌசல்யா தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தருவாள். "இந்தா குடிச்சிர்றேன் தாயி, நீ போயி டீ வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மொபெட்டிலிருந்து விழுந்து கை முறிந்தவர், அதனால் எழுந்து நடமாடுவார். என் பாட்டிலை அவரிடம் நீட்டுவேன். மோர், இளநீர் எல்லாமே அவருக்குத்தான்.

"ஏனுங்க, உங்க புள்ள உங்களுக்குக் கொண்டாந்தது எனக்கு எதுக்குங்க? நானே தென்னந்தோப்புக்காரன், எனக்கே எளநியா?"

"வயிறு ஒரு மாதிரியா இருக்குண்ணே. வீணாப் போகும், குடிங்க."

அவரும் குடித்துவிடுவார். என் மகள் வந்ததும் காலிப் பாட்டிலைப் பார்ப்பாள். குடித்த அளவு, போன அளவு இரண்டையும் எழுதி வைக்க நர்ஸ் அவளிடம் ஒரு தாள் தந்திருந்தார். அதில் அழகான கையெழுத்தில் எழுதுவாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. வார்டு டாக்டர் வேறு, இவர் ஆராய்ச்சி செய்கிறவர்.

"வேற வைத்தியத்துக்குன்னு வந்து படுத்தவங்களுக்கு, இங்க இருக்கும்போதே திடீர்னு கிட்னி ஏன் அடிபடுதுன்னு பாக்குறோம். என்ன குடிக்கிறீங்க, எவ்வளவு போறீங்க, என்னென்ன ஊசி ஏறுது எல்லாம் குறிச்சுக்குவோம். ரத்தமும் எடுப்போம். இஷ்டம் இல்லைன்னா வேணாம்னு சொல்லலாம், உங்க வைத்தியம் அதுபாட்டுக்கு நடக்கும்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். பெரியவரும் போட்டார். "பாருங்க, நம்ம மூத்திரத்துக்கும் ஒரு மருவாதி வந்துருச்சுங்க" என்று சிரித்தார்.

டாக்டரம்மா என்னைக் கேட்டார்: "தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?"

மகள் பக்கத்திலேயே நின்றாள். "குடிக்கிறேன்மா. பாட்டில் பாட்டிலாக் குடிக்கிறேன்" என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன். மூத்திரத்துக்குக் கூசியவனுக்குப் பொய்க்குக் கூசவில்லை.

இரண்டொரு நாளில் ரத்தத்தில் கிரியாட்டினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு, இதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும்) ஏறிவிட்டது. வார்டு டாக்டர் தாளைப் பார்த்தார். நிறையத் தண்ணீர் உள்ளே போகிறது, கொஞ்சம்தான் வெளியே வருகிறது. அப்படியென்றால் மிச்சம் உடம்பில் தேங்கி நுரையீரலுக்குப் போய்விடும் என்று பயந்தார். தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். நீர் பிரிய ஊசியும் போடச் சொன்னார்.

என் பொய்யை நம்பித்தான் அவர் வைத்தியம் பார்த்தார். ஏற்கெனவே காய்ந்து கிடந்த உடம்பை ஊசி இன்னும் பிழிந்தது. தலை சுற்றியது, குமட்டியது. நிறம் வரக்காப்பி ஆனது அப்போதுதான். வலிக்காகப் போட்ட ஊசியும் காய்ந்த சிறுநீரகத்தை மேலும் அடித்தது என்று பிறகு சொன்னார்கள்.

அன்று மனைவி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், தலையில் பஞ்சுத்தூசியோடு. அவள் முன்னால்தான் டாக்டர் சொன்னார்: "இப்படியே ஏறுச்சுன்னா டயாலிசிஸ் பண்ணணும் (எந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது). கிட்னி திரும்ப வருமான்னு இப்பச் சொல்ல முடியாது." மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் கௌசல்யாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ? ஒழுங்கா எழுத மாட்டியா? இந்தக் கணக்கு ஒத்தே வரல."

"நான் குடுத்ததத்தான் சார் எழுதுனேன்."

"குடுத்தது இவ்வளவுன்னா மனுசன் வீங்கிப் போயிருக்கணும்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் மாவுக்கட்டைப் பார்த்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிள்ளைகளே, இன்றுவரை என் நெஞ்சில் இறங்காமல் நிற்பது அந்தச் செத்த நேரம்தான். என் மகள் என் பொய்க்குத் திட்டு வாங்கினாள், நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரோடு வந்திருந்த ஆராய்ச்சி டாக்டரம்மா போகவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். என் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்தினார். "வீக்கமே இல்ல. நாக்கு கட்டையாக் காஞ்சிருக்கு. அப்ப உள்ள போன தண்ணி எங்கதாங்க போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கௌசல்யா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் தகப்பனே இல்லை.

"உள்ள போகலைம்மா. நான் குடிக்கவே இல்ல. எம் புள்ள அந்தக் கேனைத் தூக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியல."

டாக்டரம்மா உடனே ஓடிப்போய் வார்டு டாக்டரைக் கூட்டி வந்தார். வலி ஊசியை நிறுத்தினார்கள். நீர் பிரியும் ஊசியையும் நிறுத்தினார்கள். இரண்டு கையிலும் டிரிப் ஏறியது.

மனைவிதான் முதலில் பேசினாள். "அம்புட்டு மூட்டை தூக்குனவருக்கு ஒரு கேனு கனத்துப்போச்சாக்கும்? நீ பெத்த புள்ளதான்யா அது!"

கௌசல்யா திட்டவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எழுதுனது அம்புட்டும் பொய்யாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் கையால் பொய் எழுத வைத்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் வயிறு முட்டியது. வார்டு முழுக்க ஆட்கள், சாப்பாட்டு நேரம். நான் சத்தமாகவே கூப்பிட்டேன்: "தாயி, கேனை எடு." அவள் எடுத்துத் தந்தாள். திரும்பி வாங்கியபோது சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ப்பா, நெறம் தெளியுது!" என்றாள். துப்பட்டாவால் மூடாமல் நடந்து போனாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். இதற்காகவா நான் சாகப் பார்த்தேன் என்று கூசிப்போனேன்.

டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. ஆனால் ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பழையபடி இருக்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது என்றார்கள். இன்னமும் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறேன்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நான் சொன்ன பொய்யி உங்க ஆராய்ச்சியையும் கெடுத்திருச்சாம்மா? என்னைய நீக்கிருவீங்களா?"

"அந்த நாள்களோட அளவை நம்ப முடியாதுன்னு குறிச்சுட்டேன். உங்களை நீக்கல. இப்ப எல்லாக் கட்டில்லயும் கூட ஒரு கேள்வி கேக்குறேன்: கேனை யாரு எடுக்குறாங்க, அதுல உங்களுக்குச் சங்கடம் இருக்கான்னு. நீங்க நெனைக்கிறத விட நெறையப் பேரு தலையக் குனியுறாங்க" என்றார்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அப்பா "தண்ணி வேணாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள். பாட்டில் காலியாக இருந்தால் போதாது, தொண்டையில் இறங்குகிறதா என்று பாருங்கள். உங்களுக்குச் சங்கடம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்களாகக் கேட்க மாட்டோம்.

இப்போது நான் மூட்டை தூக்குவதில்லை. அதே மார்க்கெட்டில் உட்கார்ந்து சாக்கு வாய் தைக்கிறேன். முன்பு உடம்பு என்றால் எனக்குத் தோளும் முதுகும்தான். விலாவுக்குப் பின்னால் இரண்டு பேர் ராப்பகலாகச் சுமை இறக்கிக்கொண்டிருப்பது தெரியாது. முன்பெல்லாம் வண்டி வருவதும் கிளம்புவதும்தான் பொழுது. இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வருவது ஒரு பொழுது.

கௌசல்யா கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மதியம் போன் செய்வாள்.

"ப்பா, தண்ணி குடிச்சீங்களா?"

குடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரும். பழக்கம். அதை விழுங்கிவிட்டுச் சொல்வேன்: "இன்னும் இல்ல தாயி."

"அப்பக் குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சொம்பைத் தூக்குவேன். மடக் மடக்கென்று இறங்கும் சத்தம் அவளுக்கும் கேட்கும்.