எஞ்சின் வழக்கில் நாங்கள் வென்றது

எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லை என்பது எனக்கு நீதிமன்றத்தில்தான் தெரிய வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அதை நல்ல செய்தி என்றே நினைத்தேன்.

காத்தான்குடிக் கடை முதலாளி ஒருவரிடம் அப்பா தவணைக்கு ஒரு தோணி எஞ்சின் வாங்கியிருந்தார். மூன்று தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு நாட்டில் சண்டை தொடங்கியது. எஞ்சின் பூட்டிய தோணி எதுவும் ஓடக்கூடாது என்று இராணுவத்தினர் அறிவித்து, எஞ்சின்களையெல்லாம் தங்கள் முகாமில் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சின் போய்த் துண்டுதான் மிஞ்சியது. தவணையும் நின்றது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த முதலாளி வழக்குப் போட்டார். அழைப்பாணை எங்கள் ஊரான நாவற்குடாவுக்கு வந்த அன்று அம்மா உலை வைக்கவே மறந்துபோனார். வீட்டை ஏலத்தில் விட்டுவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

வக்கீல் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“வீட்டு உறுதிப் பத்திரம் ஆருட பேரில?”

“பொஞ்சாதிட பேரில ஐயா.”

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். கட்டிக்கொண்ட ஆண் உடுத்த சாரத்தோடு வந்து குடியிருப்பார். வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பிறகு என்னத்துக்குப் பயப்படுறீர்? கடனை ஒத்துக்கொள்ளும். கட்ட வழியில்லை எண்டு மறுமொழி போடுவம்.”

வழக்கன்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். தனியாகப் போகும் ஆண்களை இராணுவத்தினர் பாலத்தடியில் மறித்து வைத்துக்கொள்வார்கள். கையில் பிள்ளை இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில் எனக்கு ஒரு புதுச் சட்டை கிடைத்தது. எங்களை விட்டுவிட்டார்கள்.

நீதிபதி முகாம் துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் என்ன ஆதனம் இருக்கிறது என்று கேட்டார்.

“வீடு பொஞ்சாதிட ஐயா. வயல் அவட அக்காட. தோணி மச்சாண்ட.”

“உமக்கு?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “ஒண்டுமில்ல ஐயா.”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி முதலாளியின் பக்கம் திரும்பி, அவருடைய வீடு யார் பெயரில் என்று விசாரித்தார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “எண்ட மகள்ட பேர்ல ஐயா,” என்றார். சிரிப்பு இன்னும் பலத்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தீர்ப்பு என்னவோ முதலாளிக்குத்தான். ஆனால் எங்களிடமிருந்து எடுத்துப்போக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வேலிப் படலையிலிருந்தே கூவிக்கொண்டு ஓடினேன். “வெண்டுட்டம்! அப்பாக்கு ஒண்டுமே இல்லயாம்!” பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, இறால் விற்ற காசில் ஒரு பங்கை அப்பா காத்தான்குடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். துணைக்கு நான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“வெண்ட வழக்குக்கு ஏன் அப்பா காசு?”

“பேசாம வா மகள்.”

முதலாளியும் அதிகம் பேசமாட்டார். காசை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு துண்டுத் தொதல் இனிப்பு தருவார். என் கோபம் அதோடு இறங்கிவிடும்.

வழக்கு முடிந்த நாளிலிருந்து அப்பா ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தார். சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வேலிக்கு வெளியே ஆற்றங்கரைப் பூவரசடியில் போயிருந்து சாப்பிடுவார். மழை பெய்தால் குடையோடு போவார். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். காற்றுக்காகப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைசிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று மத்தியானம் அப்பா பூவரசடிக்குப் போகாமல் நேரே குசினிக்குள் போய், பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சோறு கேட்டார். அம்மா அகப்பையும் கையுமாக நின்று அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“இண்டைக்குத்தான் வெளிய நல்ல காத்து, அப்பா,” என்றேன்.