நீள இறகும் பொன்னாடையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சோதித்துப் பார்க்கும் நாள். நாங்கள் குடியேறிய ஊரான அஜின்கோர்ட்டில், சீனக் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருக்கும் சிறிய மரபு அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலைக்கு என்னையும் வேறு இருவரையும் தெரிந்தெடுத்திருந்தார்கள். ஆளுக்கொரு ஞாயிறு. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு காட்சிக்கூடங்களைச் சுற்றிக்காட்ட வேண்டும். இயக்குநர் அம்மையார் பின்னால் நின்று கவனிப்பார். கடைசியில் ஒருவருக்குத்தான் வேலை. மற்ற இருவரும் சீனப் பிள்ளைகள். அவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்ததை நான் பல்கலைக்கழகத்தில் படித்து எடுத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். போரில் இடம்பெயர்ந்து அம்மாவும் அப்பாவும் ஓடித் திரிந்த காலத்தில் அவர்களின் படிப்பு எங்கோ ஒரு வகுப்பில் நின்றுபோனது. அதனால் நான் எதைப் படித்தாலும் அவர்களுக்குச் சரி. சித்திக்கு மட்டும் சரியில்லை. சீனக் கலை வரலாறு படிக்கிறேன் என்று சொன்னபோது கேட்டார்: "உதைப் படிச்சுப்போட்டு எங்க வேலை செய்யப் போறாய், சீனாவிலயோ?"

"இல்லை சித்தி, எங்கட வீட்டுக்குப் பின்னால" என்றேன். அது உண்மை. எங்கள் அடுக்குமாடியின் பின்பக்க ஜன்னலில் நின்றால் அந்தப் பிளாசாவின் கூரை தெரியும்.

அன்றைக்கு வீட்டார் யாரையும் நான் அழைக்கவில்லை. அம்மாவிடம் எந்த நாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். காலை பதினொரு மணிக்கு மின்தூக்கி திறந்தபோது உள்ளேயிருந்து அப்பா, அம்மா, சித்தி மூன்று பேரும் இறங்கினார்கள். அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு சேலைக்கடைப் பை. உள்ளே ரோல்ஸ் இருக்கும் என்று நினைத்து, சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று எப்படிச் சொல்வது என யோசித்தேன். பிறகு, தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல ஒரு தலையசைப்போடு திரும்பி என் வேலையைத் தொடங்கினேன்.

சுற்றிக்காட்டியது நன்றாகத்தான் போனது. ஒரே சிவப்புத் தாளை மடித்து வெட்டிய ஜன்னல் சித்திரங்களை விளக்கினேன். கழுதைத் தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவி, சாயம் ஏற்றி, மூட்டுக்கு மூட்டு நூலால் கட்டிய நிழற்பாவைகளை விளக்கினேன். மார்க்கம் நகரில் இருந்து வந்திருந்த சில வயதான சீனப் பெண்கள், நான் ஒரு பூவேலைத் தையலின் பெயரை அவர்கள் மொழியில் சொன்னபோது ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அது எனக்குள் சர்க்கரைபோல் இறங்கியது. இயக்குநர் தன் கைபேசியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பின்வரிசையில் இருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் மூக்கு முட்டும்படி நின்று அம்மாவுக்கு விளக்கினார்.

"இஞ்ச பாரும், இது எங்கட தோல்பாவை."

"எங்கட இல்லையப்பா, சீனன்ர" என்றார் அம்மா.

"தோல் எல்லாருக்கும் தோல்தானே."

சித்தி சிரித்தார். நான் கேட்காததுபோல அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். நான் பேசியது முழுவதும் ஆங்கிலம். இடையிடையே சீனச் சொற்கள். ஒரு வரிகூடத் தமிழில் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அது தொழிற்சாலை மேற்பார்வையாளரோடு கதைக்கும் ஆங்கிலம். நான் அன்றைக்குப் பேசியது நானே கேட்டு ரசித்த ஆங்கிலம்.

கடைசியாக எல்லோரையும் சிறிய அரங்குக்குள் கூட்டிப்போனேன். அங்கே கான்டனீஸ் இசைநாடகக் கலைஞர் ஒருவர் ஒரு காட்சியை நடித்துக் காட்டுவார். ஓர் இளம் தளபதியின் பாத்திரம். முகம் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்பும், நெற்றிக்கு மேலே நடுங்கும் பஞ்சுக்குமிழ்கள் வைத்த தலைக்கவசம், அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து எழும் ஆளுயரத்துக்கும் மேலான இறகுகள். சீனத்துக் காட்டுக்கோழி வகை ஒன்றின் வால் இறகுகள் அவை. தளபதி தலையை ஆட்டினால் இறகுகள் வட்டம் போடும். கோபம் வந்தால் இரு விரலால் இறகை வளைத்து நுனியைப் பல்லால் கடிப்பார். அந்தக் காட்சியின் உயிரே அந்த இறகுகள்தான். பின்னேரம் இதே காட்சியின் முழு வடிவம் நடக்க இருந்தது. அந்த வயதான பெண்கள் அதற்காகத்தான் பின்னேரம் வரை இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தளபதியாக நடிப்பவர் ஒரு பெண் என்பதையும் சொன்னேன். ஆண் வேடத்தைப் பெண்கள் ஏற்று நடிப்பதன் வரலாற்றை அழகாகவே சொன்னேன், ஆங்கிலத்தில்.

கைதட்டல் ஓய்ந்தது. அப்பா எழும்பினார். சேலைக்கடைப் பைக்குள் இருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறினார்.

எங்கள் மண்டபங்களில் அது இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் முடிவதில்லை. பாடினவருக்கு, ஆடினவருக்கு, மேளம் அடித்தவருக்கு, சிலவேளைகளில் மைக் பூட்டினவருக்கும்கூட. கலைஞரை வெறுங்கையோடு அனுப்புவது அப்பாவுக்குத் தன்மானப் பிரச்சினை. மேடையில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் போர்த்துவார்கள். அந்த ஒழுங்கும் அவருக்குத் தெரியும். இளம் தளபதிக்குத் தானே போர்த்த வேண்டும் என்று அவராகவே மேடைக்கு ஏறினார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். "அப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் அந்த அரங்கில் கேட்பதை நான் விரும்பவில்லையா, அல்லது வாய் வரவில்லையா என்பதை இன்றுவரைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்து, தலைக்கு மேலாலே கொண்டுபோய்த் தோளில் இறக்குவதுதான் முறை. அப்பா அப்படியே செய்தார். சரிகைக் கரை பஞ்சுக்குமிழ்களில் கொழுவியது. அவர் கொஞ்சம் இழுத்தார். காய்ந்த ஈர்க்கு முறிவதுபோல ஒரு சத்தம். இடதுபக்க இறகு நடுவில் மடிந்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் தொங்கியது.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. கும்பிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அம்மாவும் சித்தியும் கைதட்டினார்கள். வேறு யாரும் தட்டவில்லை. அப்பா தளபதிக்குப் பக்கத்தில் நேராக நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, ஒரு ஃபோட்டோ எடு."

அரங்கில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இயக்குநர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார், அவரை உங்களுக்குத் தெரியுமா என்று.

"என் அப்பா" என்றேன். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. பின்சுவர் வரை அது கேட்டது.

படம் எடுத்தேன். எடுக்காமல் அவர் இறங்க மாட்டார். அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அப்பா சிரிக்கிறார். பக்கத்தில் ஒரு தளபதி, பச்சைப் பொன்னாடையுடன், முறிந்த இறகை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பொன்னாடையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, முறிந்த இடத்தை விரலால் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார். பின்னேர நிகழ்ச்சியில் காட்சியை மாற்றினார்கள். தலைக்கவசத்தில் ஏற்பட்ட சிறு பழுதினால் இறகுக் காட்சி நடக்காது என்று அறிவிக்கும் வேலை எனக்கு வந்தது. நான் அறிவித்ததும் அந்த வயதான பெண்கள் ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டு கோட்டுகளைப் போட்டார்கள். என்னைக் கடந்து போனபோது ஒருவர் என் முழங்கையை லேசாகத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை முடிந்து கீழே வந்தபோது கார்த் தரிப்பிடத்தில் மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். காரில் ஏறியதும் நான் சொன்னேன், இறகு முறிந்துவிட்டது என்று.

"எந்த இறகு?" என்றார் அப்பா.

"தொப்பியில இருந்த இறகு. நீங்கள் போத்தேக்க முறிஞ்சது. அதால பின்னேரம் அந்தக் காட்சியே நடக்கேல்லை."

அப்பா காரைத் தரிப்பிடத்தில் இருந்து வெளியே எடுத்தார். பிறகு, "அது பெரிய விசயமே? கோயில் கடையில மயிலிறகு கிடக்கு. நாளைக்கே வாங்கிக் குடுப்பம்."

"மயிலிறகு இல்லையப்பா அது."

அப்போதுதான் அம்மா சொன்னார். "இஞ்சேருங்கோ, அது ஆம்பிளையில்லையாம். எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை சொன்னது."

"எது?"

"நீங்கள் போத்தினீங்களே, அவா. பொம்பிளை."

"விசர்க்கதை கதையாதையும்."

சித்தி பின் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டார். "அத்தான், தளபதியைக் கட்டிப்பிடிக்காமல் விட்டீங்களே, அதுவே காணும்."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இறகு முறிந்தது அவரை அவ்வளவு தொடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளில், அத்தனை பேருக்கு முன்னால், தன் கையால் துணி போர்த்தியிருக்கிறார். அதைப் பெருமையாக நினைத்துப் படமும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது அவருடைய வெட்கம். என்னுடையது வேறு. ஒரே காருக்குள் இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் வந்தன.

சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா கேட்டார்: "பொம்பிளை எண்டு நீ சொன்னனியோ?"

"ஓம்."

"இங்கிலீசிலயோ?"

"ஓம்."

"எங்களுக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கலாம்."



அந்த வாரமே இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். வேலை எனக்குத்தான். மகிழ்ச்சி வருவதற்குள் அடுத்த வசனத்தையும் சொல்லிவிட்டார்: ஞாயிறுகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன, அவர்களோடு பழகத் தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது. நன்றி சொன்னேன். படித்ததற்காக எடுத்தார்களா, அப்பாவைப் போன்றவர்களை மேடைக்குக் கீழே வைத்திருக்க எடுத்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மற்ற இருவருக்கும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை ஓர் அறிவிப்பு எழுதுவது. ஆங்கிலமும் சீனமும் ஏற்கெனவே தயாராக இருந்தன: கலைஞர்களை நெருங்க வேண்டாம், அவர்கள்மேல் எதையும் அணிவிக்க வேண்டாம். தமிழிலும் வேண்டும் என்றார் இயக்குநர். அந்தச் சால்வைக்கு உங்கள் மொழியில் தனிப் பெயர் உண்டா, உண்டென்றால் அதையே போடுங்கள், அப்போதுதான் ஆட்களுக்கு விளங்கும் என்றும் சொன்னார். அவர் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. நான் பல்கலைக்கழகக் கட்டுரைகளுக்கு எடுத்த கவனத்தோடு அந்த ஒரு வாக்கியத்தை எழுதினேன். "கலைஞர்களுக்கு மாலையோ பொன்னாடையோ அணிவிக்க வேண்டாம் எனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்." அந்தக் கட்டடத்தில் தமிழில் இருப்பது அது ஒன்றுதான்.

சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு அம்மா வர ஆசைப்பட்டார். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், கையில் பை எதுவும் இல்லாமல். அரங்கின் வாசலில் தமிழ் எழுத்தைக் கண்டதும் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் வாசிக்கும் வழக்கப்படி உரத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பொன்னாடை என்ற இடத்தில் குரல் இறங்கியது. மிச்சத்தை மனதுக்குள் வாசித்தார்.

"உது எனக்கு எழுதினது" என்றார்.

"இல்லையப்பா, எல்லாருக்கும்தான்."

"சீனன் பொன்னாடை போத்துறவனோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நீயோ எழுதினது?"

"ஓம்."

"பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய்" என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தேன். "முன்னுக்கு வாங்கோ அப்பா" என்றேன். "இஞ்ச இருந்தாலும் தெரியுது பிள்ளை" என்று கடைசி வரிசையில் சுவரோரமாகப் போய் இருந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

அதே கலைஞர்தான் அன்றும் நடித்தார். புதிய இறகுகள் வந்திருந்தன. நான் ஒலிவாங்கியை எடுத்து ஆங்கிலத்தில் காட்சியை விளக்கினேன். பிறகு நிறுத்தினேன். கூட்டத்தில் வேறு தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. முதன்முறையாக அந்த அரங்கில் தமிழில் பேசினேன்.

"இந்தத் தளபதியாக நடிப்பவர் ஒரு பெண்."

தமிழர்கள் ஒவ்வொருவராக வியந்து நிமிர்ந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் அப்படியா என்று கேட்டது. அப்பாவுக்காகத்தான் அதைச் சொன்னேன். பின்சுவரோரம் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளம் தொடங்கி, இறகுகள் வட்டம் போட ஆரம்பித்த பிறகும் அவர் நிமிரவில்லை.